வேட்டியின் வெள்ளையும் ஆடம்ஸின் நிலவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் ஜோன் முறையை, அதாவது முழுக் கறுப்பான 0 முதல் முழு வெள்ளையான 10 வரை ஒளியை ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பிரிப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தேன். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டுத் திண்ணை. வெயில் படும் இடத்தில் வெள்ளை வேட்டியோடு ஒரு பெரியவர். பின்னால் திறந்த கதவு, உள்ளே இருட்டு. அந்த இருட்டை, சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் அளந்தேன்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/15 வினாடி. மீட்டர் சொன்னபடி எடுத்தால் நடுச் சாம்பலான ஜோன் 5தான் வரும். நிழல் ஜோன் 3இல் இருக்க வேண்டும் என்று இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி) குறைத்து 1/60இல் எடுத்தேன். நிழல் அருமையாக வந்தது. வேட்டியோ வெள்ளைக் காகிதமாகிவிட்டது, ஒரு மடிப்புகூட இல்லை. பிறகு வேட்டியை மட்டும் அளந்தால் 1/1000 காட்டுகிறது. ஃபிலிம் காலத்து முறை டிஜிட்டலுக்கு ஒத்துவராதா? இவ்வளவு கணக்குப் போட்டு எடுப்பது கலையா? ஆடம்ஸ் மாணவர்களுக்குக் கணக்கைத்தான் கற்றுக்கொடுத்தாரா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

நீங்கள் கூட்டிக் கழித்ததில் பிழை இல்லை. ஆனால் அது ஃபிலிம் நெகட்டிவுக்கான கணக்கு.

1/15க்கும் 1/1000க்கும் இடையே ஆறு ஸ்டாப். நிழலை ஜோன் 3இல் உட்காரவைத்தால் வேட்டி ஜோன் 9இல் போய் விழும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இதைச் சரிசெய்ய வழி உண்டு. நெகட்டிவின் நிழல் பகுதிகள் டெவலப்பரில் சீக்கிரமே தம் அடர்த்தியை எட்டிவிடும். வெளிச்சப் பகுதிகள்தான் நேரம் ஆக ஆக அடர்ந்துகொண்டே போகும். டெவலப் நேரத்தைக் குறைத்தால் நிழல் அதிகம் மாறாது, ஜோன் 9 மட்டும் 8க்கு இறங்கும். நிழலைப் பார்த்து எக்ஸ்போஸ் செய், வெளிச்சத்தைப் பார்த்து டெவலப் செய் என்று ஃபிலிம்காரர்கள் சொல்வது இதனால்தான். சென்சாரில் அந்த இரண்டாவது வேலைக்கு இடமே இல்லை. பிக்சல் நிரம்பிவிட்டால் அதற்கு மேல் வந்த வெளிச்சம் பதிவாகாது, பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. நிழலை ஓரளவு தூக்கிவிடலாம், கொஞ்சம் நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரகரப்பு) வரும், அவ்வளவுதான். ஆகவே வேட்டியிலிருந்து தொடங்குங்கள். 1/125இல் எடுத்தால் வேட்டி ஜோன் 8, நிழல் ஜோன் 2. சென்சார் பதித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் நிழலை ஒரு ஸ்டாப் தூக்கினால் நீங்கள் கேட்ட ஜோன் 3 வந்துவிடும்.

வெளிச்சத்திலிருந்து தொடங்குவது ஆடம்ஸுக்குப் புதிதல்ல. 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸில் அவர் எடுத்த நிலவுப் படமே அப்படித்தான். கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்தது. அதை ஜோன் 7இல் வைத்தால் ஜோன் 5க்கு ஏறக்குறைய 60. ஏஎஸ்ஏ 64 (இன்றைய ஐஎஸ்ஓ 64) ஃபிலிமுக்கு அது எஃப் 8இல் 1/60 வினாடி. மஞ்சள் ஃபில்டருக்காக மூன்று மடங்கு, லென்ஸ் துளையை எஃப் 32க்குச் சுருக்கியதற்காக இன்னும் பதினாறு மடங்கு. முடிவில் சுமார் ஒரு வினாடி. ஒன்று எடுத்து அடுத்ததற்குத் தயாராவதற்குள் சிலுவைகள் மேலிருந்த வெயில் போய்விட்டது. நிழல் விழுந்த இடத்தில் விழட்டும் என்று விட்டதால் முன்புற நிலம் நெகட்டிவில் மெலிந்திருந்தது. 1948இல் அந்தப் பகுதியை மட்டும் ரசாயனத்தில் அடர்த்தியாக்கினார். நீங்கள் இன்று ரா ஃபைலில் நிழலைத் தூக்குவது கிட்டத்தட்ட அதே வேலை.

உங்கள் கேமராவுக்கு ஜோன் 8 தாங்குமா என்பதை நீங்களே சோதித்துவிடுங்கள். ஒரு வெள்ளைத் துவாலையைக் கொடியில் போட்டு, ஒரே சீரான வெளிச்சத்தில், ஃப்ரேம் முழுவதும் அது நிறையும்படி நெருங்கி நில்லுங்கள். மீட்டர் சொன்னபடி எடுத்தால் துவாலை சாம்பல் நிறத்தில் வரும். பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து அதையும் அப்படியே எடுங்கள், அதுவும் அதே சாம்பல்தான். மீட்டருக்கு வெள்ளை, கறுப்பு என்ற பேதம் தெரியாது. எதைக் காட்டினாலும் ஜோன் 5 ஆக்கும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு ஜோன் முறையில் பாதி புரிந்த மாதிரி. அடுத்து துவாலையை மீட்டருக்கு மேல் 2, 2⅓, 2⅔, 3 என்று மூன்றில் ஒரு ஸ்டாப்பாக 4 வரை ஏற்றி எடுங்கள். கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, எந்தப் படத்தில் துவாலையின் நூல் முடிச்சுகள் மறைகின்றன என்று பாருங்கள். அதற்கு முந்தைய படம்தான் உங்கள் கேமராவின் எல்லை. கேமராவின் பின்திரையில் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்பி எல்லையை முடிவுசெய்யாதீர்கள். அது ஜேபெக்கிலிருந்து வருவது, ரா ஃபைலில் இன்னும் இடம் இருக்கும்போதே நிரம்பிவிட்டது என்று காட்டும். பலர் ஆட்டோ ஐஎஸ்ஓவை அணைக்க மறந்துவிடுகிறார்கள். ஷட்டர் நேரத்தை நீங்கள் கூட்டினால் கேமரா ஐஎஸ்ஓவை இறக்கிச் சமன் செய்துவிடும், சோதனையே வீணாகும்.

கலையா என்று கேட்டீர்கள். 1927 ஏப்ரலில், 25 வயதில், கலிஃபோர்னியாவில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறைக்கு எதிரே ஆடம்ஸ் மஞ்சள் ஃபில்டரோடு ஒரு கண்ணாடித் தகட்டை எக்ஸ்போஸ் செய்தார். வானம் வெளிறித்தான் வரும், அந்தப் பாறை முன்னால் தனக்குள் எழுந்த பிரமிப்பு படத்தில் இருக்காது என்று அங்கேயே தோன்றியது. மீதி இருந்தது ஒரே தகடு. அடர் சிவப்பு ஃபில்டரைப் போட்டு எடுத்தார், வானம் கிட்டத்தட்டக் கறுப்பானது. ஷட்டரைத் திறப்பதற்கு முன்பே முடிந்த பிரிண்டை மனதில் பார்த்துவிட்ட முதல் தருணம் என்று பின்னாளில் அதைத்தான் சொன்னார். சக புகைப்பட ஆசிரியர் ஃப்ரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து ஜோன் முறையை வகுத்தது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். முதலில் வந்தது மனதில் தெரிந்த படம். வகுப்பில் மாணவர் கையில் அந்தப் படத்தை எப்படிக் கொடுப்பது என்ற தேவையில் கணக்கு பிறந்தது. 1955 முதல் யோசெமிட்டியில் அவர் நடத்திய பட்டறைகளிலும் இந்த வரிசைதான் அடிப்படை என்று நான் நினைக்கிறேன்.

அதனால் மீட்டரை எடுப்பதற்கு முன் அந்தத் திண்ணையின் எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். கதவுக்குள் இருக்கும் தூணும் பித்தளைச் சொம்பும் படத்தில் வேண்டுமா, பெரியவரும் அவருக்குப் பின்னால் இருட்டும் மட்டும் போதுமா? சொம்பு தெரிய வேண்டுமென்றால் 1/125. இருட்டுதான் வேண்டுமென்றால் 1/250. வேட்டி ஜோன் 7இல் மடிப்பு மடிப்பாக நிற்கும், கதவு ஜோன் 1இல் மூழ்கிவிடும்.