அரசு பணம் தரும், ஆனால் முதலில் உங்கள் பணம் போக வேண்டும்

தம்பி, அமெரிக்கா வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, கோயில் வாசலில் துப்பாக்கியோடு காவலர் நிற்பதைப் பார்த்துத் திக்கென்று ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அவ்வளவு ஆபத்தா, அவருக்கு அரசாங்கமே சம்பளம் தருகிறதாமே, எங்கள் சின்னக் கோயிலுக்கும் வாங்கலாமா, கமிட்டியில் சேரச் சொல்கிறார்கள், சேரட்டுமா என்று வரிசையாகக் கேள்விகள். கூடவே வீடு வாங்குவது பற்றி ஒன்று. வீட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விடுங்கள். மானிய விஷயத்தில் நான் சூடு கண்டவன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

திட்டம் இருப்பது நிஜம். ஃபீமா என்ற அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பு மூலமாக, லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குப் பாதுகாப்புச் செலவுக்கென்று 2005-லிருந்து தருகிறார்கள். அப்போது நாடு முழுவதற்கும் 25 மில்லியன் டாலர், 2024-ல் 454.5 மில்லியன். கோயில், குருத்வாரா, மசூதி, சர்ச், யூதர்களின் சினகாக் என்று யாரும் கேட்கலாம். கேமரா, உறுதியான கதவு, வேலி, பயிற்சி, ஒப்பந்தக் காவலர் சம்பளம் எல்லாம் அதில் வரும். ஆயுதம் வாங்கப் பணம் கிடையாது.

ஆனால் கமிட்டிக்காரர்கள் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. செக் முதலில் வராது. நீங்கள் செலவழித்து, ரசீதோடு மாநில அலுவலகத்துக்கு அனுப்பினால் பிறகு திருப்பித் தருவார்கள், அதுவும் அவர்கள் சாவகாசத்துக்கு. காவலர் கம்பெனியோ மாதம் பிறந்தால் பில் நீட்டும். இன்னொன்று, மானியம் தீர்ந்த பிறகும் காவலரை உங்கள் செலவில் வைத்துக்கொள்ள முடியும் என்று காட்ட வேண்டும். உண்டியலை நம்பி ஓடும் கோயிலுக்கு இது விளையாட்டு இல்லை.

நாங்கள் மாட்டியது வேறு இடத்தில். மானியம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்த குஷியில், கும்பாபிஷேகத்துக்குள் முடித்துவிடலாம் என்று ஒரு டிரஸ்டி சுவரில் துளை போட்டுக் கேமரா மாட்டிவிட்டார். கட்டடத்தில் கை வைக்கும் முன் சுற்றுச்சூழல், பாரம்பரியச் சின்ன ஆய்வு என்று ஒன்று முடிந்து அனுமதி வர வேண்டும். நேற்று கட்டிய கட்டடத்துக்கு என்ன பாரம்பரியம் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அந்தக் காசு வரவில்லை. கோபுரத்துக்கு நன்கொடை என்றால் மேடையேறி நிற்பவர்கள் படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்றால் காணாமல் போய்விடுவார்கள். கமிட்டியில் சேருங்கள், ஆனால் நிரப்பப் போவது நீங்கள் ஒருவர்தான் என்று தெரிந்து சேருங்கள். விண்ணப்பத்துக்குத் தரும் அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான், அதனால் எங்கே பலவீனம் என்ற மதிப்பீட்டை இப்போதே செய்து வையுங்கள். சிஸா என்ற அரசுப் பாதுகாப்பு அமைப்பின் ஆலோசகர்கள் இலவசமாகவே வந்து பார்த்துச் சொல்வார்கள்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். நம்மை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று நானும் பேசிக்கொண்டிருந்தவன்தான். 2012 ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை, விஸ்கான்சின் ஓக் கிரீக் குருத்வாராவில் ஒருவன் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். காயம்பட்ட இன்னொருவர் 2020-ல் இறந்தார். அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த வாரமும் எங்கள் ஆட்களில் சிலர், 'அது அவர்கள் பிரச்சினை, தலைப்பாகையைப் பார்த்து அடித்திருக்கிறான்' என்றார்கள். அடிக்க வருகிறவன் நம்மையும் அவர்களையும் பிரித்துப் பார்ப்பானாம்! இங்கே இருபது வருஷம் இருந்தும் இப்படிப் பேசுகிறவர்களோடு எனக்கு இன்றும் ஒத்துப்போவதில்லை.

காவலர் நின்றால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் டெக்சாஸ் கோலிவில் சினகாக்கில், வெளியே நின்ற அந்நியனை உள்ளே அழைத்து ரப்பி, அதாவது அங்குள்ள யூத மதகுரு, தேநீர் கொடுத்தார். அவனே துப்பாக்கியை எடுத்து, உள்ளே இருந்தவர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டான். பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு ரப்பி நாற்காலியைத் தூக்கி அவன்மேல் எறிந்துவிட்டு, அப்போது உள்ளே இருந்த மற்ற இருவரோடு தப்பினார். முன்பு எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் காப்பாற்றியது என்று அவரே சொன்னார். அதனால் காவலருக்குக் கேட்கும்போதே பயிற்சிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

நான் வந்த புதிதில் கோயிலே கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு வாடகை ஹால், பத்துக் குடும்பம், ஒரு படம், ஒரு விளக்கு. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம் என்பதால் தாமதமாக வருகிறவர்களுக்காக இடுக்கில் ஒரு செருப்பை வைத்துவிடுவோம். கார் இல்லாத நான் பஸ் பிடித்து, குளிரில் நடுங்கிக்கொண்டு கடைசியாகத்தான் போய்ச் சேருவேன், பல நாள் அந்தச் செருப்பு என்னுடைய ரூம்மேட்டுடையதாகத்தான் இருக்கும். இப்போது சொந்தக் கட்டடம், பஸ்ஸர், காவலர் எல்லாம் வந்துவிட்டது. பழைய ஆட்கள் சிலர் இன்னும் பழக்க தோஷத்தில் இடுக்கில் செருப்பை வைக்கிறார்கள். காவலர் ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்.