எம்.டி. முடித்தவுடன் வகுப்பெடுக்கச் சொல்கிறார்களே, கற்பிப்பதை எங்கே கற்றுக்கொள்வது?

நல்ல டாக்டர் என்றால் நன்றாகச் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டும் வேறு வேலை. என் முதல் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் எண்பது ஸ்லைடு ஓட்டினேன். முதல் பெஞ்சே தூங்கிவிட்டது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் அடிப்படை மருத்துவக் கல்விப் பயிற்சியை முடித்துவிடுங்கள், பதவி உயர்வுக்கும் அது வேண்டும். ஆனால் கை பழகுவது வார்டில்தான்.

1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் எழுதிய 'ஒரு நிமிட' கற்பித்தல் முறையிலிருந்து தொடங்கலாம். மாணவி ஒருவர், நோயாளிக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் காய்ச்சல் என்கிறார். "சளி டெஸ்ட் அனுப்பினாயா?" என்று உடனே பாயாதீர்கள். "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேளுங்கள். "டிபி, சார்" என்றால், "எதை வைத்துச் சொல்கிறாய்?" அவர் எங்கே தடுமாறுகிறார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். அப்புறம் ஒரே ஒரு பொது விதி: இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் டிபிக்குச் சோதிக்க வேண்டும். எது சரி, எது விட்டுப்போனது என்று குறிப்பாகச் சொல்லுங்கள். வெறும் "வெரி குட்" யாருக்கும் உதவாது.

ஊசி, கதீட்டர் போன்ற கைவேலைக்கு, பேட்டன் என்ற அறுவை மருத்துவர் வகுத்த நான்கு படிகள்: பேசாமல் செய்துகாட்டுவது, விளக்கிக்கொண்டே செய்வது, மாணவர் சொல்லச் சொல்ல நாம் செய்வது, கடைசியில் அவரே சொல்லிக்கொண்டு செய்வது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

நம்பிக்கையான சீனியர் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரச் சொல்லி வகுப்பெடுத்துப் பாருங்கள். கூச்சமாகத்தான் இருக்கும்.