கூண்டு வாங்கித் தருகிறேன் என்பவருக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படகர் ஊர்) இருக்கிறோம். இரண்டு மாதமாக ஒரு கரடி ராத்திரி ஊருக்குள் வருகிறது. கோயில் கதவைப் பெயர்த்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. போன வாரம் எங்கள் சமையலறை ஜன்னலை உடைத்தது. கூண்டு வைக்கச் சொல்லி மனு கொடுத்தும் பதில் இல்லை. 15,000 ரூபாய் கொடுத்தால் மேலிடத்தில் பேசிக் கூண்டு வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் வீட்டைச் சுற்றிக் கரண்ட் கம்பி போடலாம் என்கிறார். என் மனைவி விடியற்காலையில் இலை பறிக்கப் போகிறவர். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த 15,000 ரூபாயைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கரடி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானைக்கு உள்ள அதே இடம். அதைப் பிடிக்க மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். உங்கள் வனச்சரகரோ மாவட்ட வன அலுவலரோ நினைத்தால்கூடத் தாமாகக் கூண்டு வைக்க முடியாது. அவர்களும் மேலே எழுதித்தான் வாங்க வேண்டும். இதற்கு எந்தக் கட்டணமும் கிடையாது. நான் வேலையில் இருந்தபோது இப்படி ஊர் ஊராக வசூல் செய்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். கூண்டு தானாக வந்தால் ‘என்னால் வந்தது’ என்பார், வராவிட்டால் ‘ஃபைல் நகர்கிறது’ என்பார். இரண்டிலும் காசு அவருக்குத்தான்.

சரி, கூண்டு வந்தால் தீருமா? பிடித்த கரடியை எங்கோ காட்டில் விடுவார்கள். காலியான இடத்துக்கு அடுத்த கரடி வரும், ஏனென்றால் கோயிலில் எண்ணெய் அப்படியே இருக்கிறது. மயக்க ஊசி போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்று டிவி பார்த்து நினைக்கிறோம். 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் கோழி தேடி வந்த கரடி ஒன்று கிணற்றில் விழுந்தது. ஊசி போட்டார்கள். மயங்கிய கரடி தண்ணீரில் மூழ்கிச் செத்தது. அவ்வளவு சிக்கலான வேலை அது.

உங்கள் ஊர்க் கரடி எதற்கு வருகிறது என்று பாருங்கள். கரையான் புற்றைத் தோண்டி உறிஞ்சிச் சாப்பிடுகிற பிராணி அது. மேல்வரிசையில் நடுவே இரண்டு முன்பல் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் கரையானை உறிஞ்சும். கண் சுமார்தான், மூக்கு அபாரம். இப்படிப்பட்ட மூக்குக்கு அருகில் ஒரு டின் நல்லெண்ணெய், ஒரு மூட்டை வெல்லம், பாதி தின்ற பலாப்பழம் இருந்தால் அது காட்டில் போய் எதற்குப் புற்றைத் தோண்ட வேண்டும்? கரடி புகுந்த கோயில் ஒன்றில் காலையில் போய்ப் பார்த்தேன். கதவுப் பலகையில் ஐந்து ஐந்து கோடாக நகம் இழுத்த தடம், தரையில் எண்ணெய் மிதித்த பாதம். உள்ளே கல்விளக்கு துடைத்து வைத்தது போலச் சுத்தம். சாமி சிலையைத் தொடவே இல்லை.

ஆகவே முதல் வேலை கோயிலில். பூசை முடிந்ததும் விளக்கில் மிச்ச எண்ணெயை வடித்து எடுத்துவிட வேண்டும். எண்ணெய் டின், தேங்காய் மூடி, வாழைப்பழம் எதுவும் இரவில் உள்ளே இருக்கக் கூடாது. பூசாரி ஒத்துக்கொள்ள மாட்டார், பெரியவர்களை வைத்துப் பேசுங்கள். சத்துணவுக் கூடம், ரேஷன் கடை, பேக்கரி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். உங்கள் சமையலறையில் எண்ணெயையும் வெல்லத்தையும் இறுக்கமான டப்பாவில் போட்டு உள் அறைக்கு மாற்றுங்கள். ஜன்னலுக்கு இரும்புக் கிராதி போடுங்கள், நீங்கள் எடுத்து வைத்த பணத்தில் அது தாராளமாக வரும். கொய்யா, பேரி, பிளம்ஸ் பழுத்தால் அன்றன்றே பறியுங்கள்.

குப்பையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. ஒரு பேரூராட்சியில் தெருமுனைத் தொட்டியை வாரத்துக்கு ஒரு தடவைதான் எடுத்தார்கள். வனத்துறை உள்ளாட்சியைக் கை காட்டும், உள்ளாட்சி ஆள் பற்றாக்குறையைக் கை காட்டும். நடுவில் கரடி மட்டும் நேரம் தவறாமல் வந்துபோனது. கிளை வெட்டிக் கவாத்து பண்ணாமல் விட்ட தேயிலைத் தோட்டங்களும் அப்படித்தான். பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால் எந்தச் சிறு விவசாயி செடியை மரமாக வளரவிடுவான்? அதில் உன்னிச்செடி மண்டிவிட்டால் கரடி பகலில் படுத்துத் தூங்க ரோட்டோரத்திலேயே மெத்தை தயார்.

இப்போது கரண்ட் கம்பி. உங்களுக்கு வலியுறுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். ஈபி லைனிலிருந்து நேராக இழுத்த கம்பி கரடியைக் கொல்லும், உங்கள் மாட்டைக் கொல்லும், ராத்திரி ஒன்றுக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பெரியவரையும் கொல்லும். சூரிய மின்வேலி வேறு. அது விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. அதற்கும் 2023-இல் தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்திருக்கின்றன. காப்புக்காட்டை ஒட்டிய இடம் என்றால் வனத்துறை அனுமதி வாங்கித்தான் போட வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார், பில் கேட்டால் சிரிப்பார்.

‘உயிர் போகிறபோது தற்காப்புக்குக் கரடியைக் கொன்றால் குற்றமில்லை என்கிறார்களே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11(2) பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் அதற்கு ஒரு வால் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. தற்காப்புக்கு அவசியம் வந்த நேரத்தில் நீங்கள் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது. சுருக்கு வைத்திருந்தீர்கள், அதில் மாட்டிய கரடி உங்கள் மேல் பாய்ந்தது, அரிவாளால் வெட்டினீர்கள் என்று வையுங்கள். ‘என்னைக் கொல்ல வந்தது’ என்று சொல்லித் தப்ப முடியாது, ஏனென்றால் சுருக்கு வைத்ததே வேட்டைதான். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை போகலாம். நேற்று ஜன்னலை உடைத்தது என்று இன்று துரத்திப்போய் அடிப்பதும் தற்காப்பு ஆகாது. கரடி உங்கள் மேல் இருக்கிற அந்தக் கணம்தான் தற்காப்பு. செத்த கரடியின் நகமோ பித்தமோ யாராவது விலை பேசினால் அவரோடு நீங்களும் சிறைக்குப் போவீர்கள்.

உங்கள் மனைவி விஷயம். நன்றாக வெளிச்சம் வந்த பிறகே தோட்டத்துக்குள் இறங்கச் சொல்லுங்கள். நான்கைந்து பேராகப் பேசிக்கொண்டே போகட்டும், இறங்கும் முன் குச்சியால் செடியைத் தட்டட்டும். பெரும்பாலும் கரடி அடிப்பது ஆளைத் தின்ன அல்ல, திடீரென்று எதிரே ஆள் வந்துவிட்ட பயத்தில்தான். குட்டி முதுகில் இருந்தால் பயம் இரட்டிப்பு. கண்டால் ஓடக் கூடாது; முகத்தைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்க வேண்டும். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடக் கதையில் ஒருவன் மரத்தில் ஏறித் தப்பித்தானே, அதை நம்பி ஏறாதீர்கள். தேனடைக்காக மரம் ஏறுகிற பிராணி அது. தெருவுக்குள் வந்த கரடியை இளைஞர்கள் பட்டாசு போட்டு மொபைலில் படம் எடுத்துக்கொண்டே விரட்டுவதையும் நிறுத்துங்கள். மிரண்ட கரடி காட்டுப் பக்கம்தான் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது வெளியேற ஒரு பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, சரக அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். அந்த எண் கோயில் சுவரில் எழுதியிருக்கட்டும்.

யாரையாவது கீறினாலோ கடித்தாலோ காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசியும் டெட்டனஸ் ஊசியும் கேட்டுப் போடுங்கள். நாய் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், காட்டு விலங்குக் கடிக்கும் அதே ஊசிதான். அன்றே சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மருத்துவமனைக் காயச் சான்றும் பேங்க் பாஸ்புக் நகலும் இருந்தால் நிவாரணம் உங்கள் கணக்கில் நேராக வரும். அதற்கும் விண்ணப்பம் எழுதித் தருகிறேன், பாதி எனக்கு என்று ஒருவர் வருவார். ஒரு வெள்ளைத்தாளில் நடந்ததைத் தமிழில் எழுதினால் போதும், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளையே எழுதிவிடும்.