'இம்ப்ரூவ்டு' என்று எழுதியிருந்தால் அப்பா குணமாகிவிட்டாரா?

கேள்வி: நிமோனியாவுக்காக அப்பா ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவர் நிலை 'இம்ப்ரூவ்டு' என்று போட்டிருக்கிறது. "அதான் சரியாயிடுச்சே, மாத்திரை எதுக்கு?" என்கிறார் அப்பா. நான் லீவை நீட்டிக்கவும் ஆஃபீஸுக்கு எழுத வேண்டும். அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?

பதில்: மாத்திரையை நிறுத்த விடாதீர்கள், அம்மா. சேர்த்த அன்று இருந்ததைவிட வீட்டுக்குக் கிளம்பிய அன்று தேறியிருந்தார் என்பதுதான் அதன் பொருள். முழுக்கக் குணமாகியிருந்தால் 'ரிகவர்டு' அல்லது 'க்யூர்டு' என்று எழுதுவார்கள். நம் பேச்சில் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு: தேவலை. "காய்ச்சல் எப்படி இருக்கு?" "இப்போ தேவலை." அதைக் கேட்டு யாரும் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைப்பதில்லையே. அப்பாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

இந்தச் சொல் அளவையும் சொல்லாது. 104 டிகிரி காய்ச்சல் 101-க்கு இறங்கினாலும் இம்ப்ரூவ்டுதான், 99-க்கு இறங்கினாலும் இம்ப்ரூவ்டுதான். அதனால் அந்த ஒரு சொல்லோடு நின்றுவிடாமல், மருந்து எத்தனை நாள், மறுபடி எப்போது வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டாக்டரிடம், "எது தேறியிருக்கிறது, எது இன்னும் பாக்கி?" என்று கேளுங்கள்.

தமிழில் எழுதும்போது ஒரு நுட்பம் இருக்கிறது. தானாகத் திருந்தினால் 'திருந்திய', ஒருவர் திருத்தினால் 'திருத்திய' என்று தன்வினை, பிறவினையை நாம் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இம்ப்ரூவ்டு ஒன்றுதான். நோயாளி என்றால் 'தேறிய', விதை என்றால் 'மேம்படுத்திய'. எல்லா இடத்திலும் 'மேம்படுத்தப்பட்ட' என்று போடுவது எனக்குப் பிடிப்பதில்லை, அது காதில் உறுத்துகிறது. சென்னை சி.ஐ.டி. நகரின் பெயரில் உள்ள 'ஐ' கூட இந்தக் குடும்பம்தான். சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்ற பழைய அமைப்பின் பெயர் அது.

சரி, லீவு கடிதத்துக்கு வருவோம். 'ஹீ இஸ் பெட்டர்' என்று மட்டும் எழுதாதீர்கள். பெட்டர் என்றால் ஆங்கிலத்தில் 'பரவாயில்லை' என்றும் பொருள்படும், 'குணமாகிவிட்டார்' என்றும் பொருள்படும். அப்புறம் லீவு எதற்கு என்று கேட்பார்கள். 'ஹிஸ் கண்டிஷன் ஹாஸ் இம்ப்ரூவ்டு, பட் ஹீ ஹாஸ் நாட் யெட் ரிகவர்டு' என்று எழுதினால் குழப்பமில்லை. நன்றாகவே தேறியிருக்கிறார் என்று சொல்ல 'மச் இம்ப்ரூவ்டு' என்பார்கள், 'வெரி இம்ப்ரூவ்டு' அவ்வளவு இயல்பாக இருக்காது. 'இம்ப்ரூவ்டு தேன் பிஃபோர்' என்றும் வேண்டாம், முன்பைவிட என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கவனமாக இருங்கள், 'இம்ப்ரவைஸ்டு' என்று எழுதிவிடாதீர்கள். பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். அது கையில் இருப்பதை வைத்து அந்த நேரத்துக்குச் சமாளிப்பது. ஸ்டாண்டு இல்லாத இடத்தில் சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டால், அது இம்ப்ரவைஸ்டு.