கதிரையை விட்டு இறங்கியவர் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி (மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்): அண்ணை, எங்கள் ஓட்டோ தரிப்பிடத்தில் ஒவ்வொரு நாளும் இந்தக் கதைதான். ஜனாதிபதியாக இருந்தவர் மேல் ஆராலும் கை வைக்க ஏலாது, சட்டமே அவரைக் காப்பாற்றும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லைத் தம்பி. அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை தருகிற விலக்குரிமை பதவியில் இருக்கும் காலத்துக்கு மட்டும்தான். இறங்கிய மறுநாளே அவரும் உங்களையும் என்னையும் போல ஒரு பிரஜை, கதிரையில் இருந்தபோது செய்ததற்கும் வழக்குப் போடலாம். போட்டும் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் பற்றி முன்கூட்டியே தகவல் வந்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக, மைத்திரிபால சிறிசேன தன் சொந்தக் காசில் 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நாடு வங்குரோத்தானதில் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச சகோதரர்களும் வேறு சில உயர் அதிகாரிகளும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று அதே ஆண்டு நவம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. 2025 ஓகஸ்டில் ரணில் விக்கிரமசிங்க கைதானார். லண்டன் பயணம் ஒன்றுக்கு அரச பணத்தைச் செலவழித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுக்கிறார், சில நாளில் பிணையும் கிடைத்தது, தீர்ப்பு வரும் வரை அவரைக் குற்றவாளி என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை.

ஒன்றை மட்டும் உங்கள் நண்பருக்கு விளங்கப்படுத்துங்கள். முதல் இரண்டும் அடிப்படை உரிமை மீறல் வழக்குகள். அதில் நட்டஈடு கிடைக்கும், தவறு நடந்தது என்ற தீர்ப்பு கிடைக்கும், ஆனால் ஒருவரையும் மறியலுக்கு அனுப்ப முடியாது. மறியலுக்கு அனுப்பக் குற்றவியல் வழக்கு வேண்டும், அதற்குப் பொலிஸ் விசாரிக்க வேண்டும், பெரிய வழக்கென்றால் சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். சிக்கல் தொடங்குவது அங்கேதான், கீழே அந்த அம்மாவுக்கு எழுதியதையும் வாசியுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்): ஆட்சி மாறியதும் போன ஆளைப் பிடிப்பது வெறும் பழிவாங்கல்தானே?

பதில்: அப்படியும் நடந்திருக்கிறது. 1980இல் விசேட ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று விசாரித்து, பிறகு பாராளுமன்றத்தில் வாக்கெடுத்து, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமைகளை 7 ஆண்டுகளுக்குப் பறித்தார்கள். 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க முடியவில்லை. அவருடைய ஆட்சியில் பிழையே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் எதிராளி கையை உயர்த்திக் கொடுக்கும் தண்டனை நீதியல்ல. திறந்த நீதிமன்றம், சாட்சி, அவருக்கென்று ஒரு சட்டத்தரணி, மேன்முறையீடு, இத்தனையும் இருந்தால் அது பழிவாங்கல் இல்லை. எங்கள் சனத்தை அழவைத்தவர் என்றாலும் அவருக்கும் அது கிடைக்கத்தான் வேண்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தாய்): தம்பி, 2009 மே மாதம் வட்டுவாகலில் என் மகனை இராணுவத்திடம் என் கையாலேயே ஒப்படைத்தேன். காசு எடுத்ததற்குப் பெரியவர்களைப் பிடிக்கிறார்கள். என் பிள்ளைக்கு ஏன் ஒருவரையும் பிடிக்கவில்லை?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. காசு போனால் பற்றுச்சீட்டு இருக்கிறது, கணக்காய்வாளர் இருக்கிறார். பிள்ளையை வாங்கியவர்கள் துண்டு எழுதித் தரவில்லை. அதோடு, அரசுக்கு ஆலோசனை சொல்பவரும் சட்டமா அதிபர்தான், அரசில் இருந்தவர் மேல் வழக்குப் போட வேண்டியவரும் அவர்தான். அதனால்தான் தனியான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்று கேட்கிறார்கள். கீழே இருப்பவன் செய்ததற்குக் கட்டளையிட்டவரும் பொறுப்பு என்பதை எங்கள் தண்டனைச் சட்டக்கோவை தனிக் குற்றமாக எழுதவில்லை. பாராளுமன்றம் மனம் வைத்தால் இப்போதும் எழுதலாம், உலக நாடுகள் அன்றே குற்றம் என்று ஏற்றிருந்த செயலை விசாரிக்க அரசியலமைப்பின் 13(6) தடையில்லை. தண்டனை வந்தாலும் ஜனாதிபதி கொடுக்கும் பொதுமன்னிப்பு இருக்கிறது. மிருசுவிலில் 8 பேரைக் கொன்றதற்காகத் தீர்ப்பளிக்கப்பட்ட இராணுவத்தினன் 2020 மார்ச்சில் வெளியே வந்தது அப்படித்தான்.

சரி, வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்றால், பெரு நாட்டில் நடந்தது. 1992இல் லிமாவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து 9 மாணவர்களையும் ஒரு விரிவுரையாளரையும் இரவில் இராணுவக் குழு ஒன்று கொண்டுபோனது. அடுத்த வருடம் ஒரு புதைகுழியில் எரிந்த எலும்புகளோடு சில திறப்புகள் கிடைத்தன, அந்தத் திறப்புகளைக் காணாமற்போன பிள்ளைகளின் பூட்டுகளில் போட்டுப் பார்த்தார்கள், திறந்தது. 1995இல் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்து கதையை மூடப் பார்த்தார்கள், அந்தச் சட்டத்துக்குப் பெறுமதி இல்லை என்று அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றம் 2001இல் சொன்னது. அந்தக் காலத்து ஜனாதிபதி புஜிமோரி அதற்கு முதலே ஜப்பானுக்கு ஓடிவிட்டார், பிறகு சிலி நாட்டில் பிடிபட்டு 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார். 2009இல் அந்தக் கொலைகளுக்காக அவருக்கு 25 வருடச் சிறை. அவர் தன் கையால் ஒருவரையும் சுடவில்லை. 2023 கடைசியில் அவரை விட்டும் விட்டார்கள், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பை ஒருவராலும் அழிக்க முடியவில்லை, 17 வருடம் அந்தக் குடும்பங்கள் விடாமல் நின்றதால் வந்தது அது.

அதனால் அம்மா, கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் போராட இருந்த தாய்மாரைப் போல நீங்களும் பந்தலில் இருந்திருப்பீர்கள், அதோடு இதையும் செய்யுங்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுக் கடிதம், மகனின் படம், எல்லாவற்றையும் இரண்டு போட்டோகொப்பி எடுத்து ஒன்றை மகளிடம் கொடுங்கள். அன்றைக்கு என்ன நேரம், எந்தப் பக்கம் நின்றீர்கள், ஏற்றிய பஸ் என்ன நிறம், கூட யார் போனார்கள், அவன் என்ன உடுப்புப் போட்டிருந்தான் என்று நினைவிருக்கும்போதே பேத்தியைக் கொண்டு எழுதுவித்து, திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள். அதை ஒரு சமாதான நீதவானிடம் கொண்டுபோய் சத்தியக்கடதாசியாக முடித்துவையுங்கள், இந்த மாதமே.