247 எழுத்தையும் ஒப்பிக்கிற 6 வயதுக் குழந்தைக்குச் சொல் வாசிக்க வரவில்லை. இணையத்தில் தேடினால் எல்லாம் ஆங்கிலத்துக்கே இருக்கிறது. தமிழுக்கு என்ன வழி?

முதலில் ஒரு சோதனை. ‘மி’யை மட்டும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பல பிள்ளைகள் “ம, மா, மி” என்று முதலிலிருந்து பாடி வந்துதான் சொல்லும். மனப்பாடமாகி இருப்பது வரிசைதான், எழுத்து இன்னும் பதியவில்லை.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் ஒலி மாறும், அதனால் ஆங்கில வாசிப்பைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். நமக்குச் சிக்கல் வேறு: உருவங்கள் ஏராளம், குறிகள் மெய்யின் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒட்டுகின்றன. கன்னடக் குழந்தைகளைப் பற்றி வாசிப்பு ஆய்வாளர் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகை எழுத்துமுறை முழுதும் கைவரச் சில ஆண்டுகள் ஆகும் என்று காட்டியது. ஒன்றாம் வகுப்பிலேயே எல்லாம் வந்துவிட வேண்டும் என்று பிள்ளையை நெருக்காதீர்கள்.

வரிசையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். ப, ட, ம, க, ர, ல ஆகிய ஆறும், அவற்றின் புள்ளி வைத்த உருவங்களும் போதும். இந்தப் பன்னிரண்டிலேயே படம், மரம், கல், பல், கடல், பகல், பட்டம் எல்லாம் வந்துவிடுகின்றன. இவை தயங்காமல் வந்த பிறகு துணைக்கால்: பால், கால், காகம், பாடம். அடுத்து ‘இ’ குறி: படி, மாடி, பாட்டி. பிறகு உகரம்: மாடு, பாட்டு. இப்போதே “பாட்டி, பாட்டு பாடு” என்று முழு வாக்கியம் வாசிக்க முடியும். பிள்ளையின் முகத்தில் வரும் மாற்றத்தைப் பாருங்கள். நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

வீட்டில் நடக்கும் பெரிய தவறு மெய்யெழுத்தை ‘இல்’, ‘இம்’ என்றே சொல்லிக்கொடுத்துச் சொல்லையும் அப்படியே கூட்டச் சொல்வது. ‘பல்’லைக் குழந்தை “ப… இல்…” என்று கூட்டிக் கடைசியில் “பயில்” என்று முடிக்கும். அதன் மேல் தவறில்லை, கொடுத்ததைத்தான் கூட்டியது. ‘ப’வை இழுத்தபடியே நாக்கை ‘ல்’லுக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், ஒரே மூச்சில்.

கொம்பு வரும் எழுத்துகளைக் கடைசியில் வையுங்கள். ‘கெ’யில் கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, வாயில் முதலில் வருவது ‘க்’. இந்த முரணில்தான் பிள்ளை திணறும். ‘கொடு’ இன்னும் கடினம்: துணைக்காலை ‘ர’ என்று எடுத்துக்கொண்டு “கெரடு” என்று படிக்கும். மூன்று துண்டையும் ஒரே வண்ணத்தில் எழுதி, ‘இது மொத்தமும் ஒரே எழுத்து’ என்று விரலால் வளைத்துக் காட்டுங்கள். பிறகு கொடு–கோடு, தொடு–தோடு, பெறு–பேறு என்று குறில் நெடில் இணைகளாகக் கொடுங்கள்.

உகர வரிசையை க முதல் ன வரை நேராக ஓட்டாமல் உருவம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு ஒரு குடும்பம். து, நு, ணு, லு, று, னு இன்னொன்று. கடைசிக் குடும்பத்தில் கால் சேர்த்தால் தூ, நூ, லூ என்று நெடில் ஆகிவிடும். ‘கூ’ யாரோடும் சேராது, அதைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். (தாத்தா வீட்டுப் பழைய புத்தகங்களைக் கொடுக்கும்போது கவனம்: 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகள் வேறு உருவில் இருந்தன.)

‘காகம்’ என்பதில் வரும் ‘கா’வுக்கும் ‘க’வுக்கும் ஒரே ககர ஒலி இல்லையே என்று கவலை வேண்டாம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தெரிந்த சொல் என்றால் தானாகவே சரிசெய்துகொள்ளும். தமிழ் அதிகம் காதில் விழாத பிள்ளைக்கு மட்டும் சொல்லுங்கள்: சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை (கல், பக்கம்), மற்ற இடங்களில் பெரும்பாலும் மெல்ல (பகல், தங்கம்).

எழுத்துக்கூட்டி வாசித்தும் பொருள் புரியாமல் விழிப்பது இன்னொரு வகை. வீட்டில் “மாடு மேயுது”, புத்தகத்தில் “மாடு மேய்கிறது”. அந்த எழுத்துத் தமிழ் காதுக்குப் பழக்கமாக வேண்டும். பிள்ளை சொந்தமாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் தினமும் நீங்கள் கதையை வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். இதை நான் எந்தப் பயிற்சிக்கும் மேலாக வைப்பேன்.

படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறதா என்று சந்தேகம் வந்தால் படத்தை மூடுங்கள். ‘டமல்’, ‘கபரி’ என்று பொருளில்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள். அதைப் படித்துவிட்டால் எழுத்து உண்மையாகவே வந்துவிட்டது. சில மாதம் ஒழுங்காகப் பழகியும் ஆறு எழுத்தே நிற்கவில்லை என்றால், திட்டாமல், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு டிஸ்லெக்ஸியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) பற்றித் தெரிந்த சிறப்பாசிரியர் ஒருவரைப் பாருங்கள்.