பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் பூனை ராயபுரம் வீட்டுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும், புழுக்கத்தைச் சமாளித்தால். இங்கிலாந்தின் தெருப்பூனைகளிலிருந்து உருவான இனம் இது. 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் பிறகு பெயர் பரவியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அருகிப்போக, பெர்சியன் பூனைகளோடு கலந்து மீட்டார்கள். சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் பெர்சியனில் அதிகம், இதிலும் உண்டு. அதனால் குட்டி வாங்குமுன் தாய், தகப்பன் இரண்டின் மரபணுப் பரிசோதனைச் சான்றையும் கட்டாயம் கேளுங்கள். விலையைவிட இது முக்கியம்.

உருண்டை முகம், உப்பிய கன்னம், செம்பு நிறக் கண். சாம்பல் நீலம்தான் பிரபலம். குணம் ரொம்ப அமைதி; பக்கத்தில் வந்து உட்காரும், தூக்கிக் கொஞ்சினால் பெரும்பாலும் பிடிக்காது.

முடி அடர்த்தி என்பதால் மே மாதம் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் அடைக்காதீர்கள். ஃபேனும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். அப்புறம், காசிமேட்டு மீனை வேகவைத்து முள் எடுத்து எப்போதாவது கொடுங்கள், தினமும் வேண்டாம்.